கண் திறக்காத படை

வெளியே வெயில், கிரிக்கெட், தக்காளித் தோட்டம். உள்ளே பாதி வண்ணத்தோடு நிற்கும் நெப்போலியனின் சிப்பாய்கள். பொம்மைப் போர் ஆடுகிறவர்கள் கோடைக்கு முன்னால் தோற்கும் கதை இது. அந்தத் தோல்வியில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஜூன் மாதத்து மாலை நம்மூர் மாலை மாதிரி இல்லை. இரவு மணி ஒன்பதைத் தாண்டியும் வானம் வெளுத்தே கிடக்கும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் புல் வெட்டலாம். செடிக்குத் தண்ணீர் விடலாம். பக்கத்து மைதானத்தில் நடக்கும் கிரிக்கெட்டின் கடைசி ஓவர்களை நின்று பார்த்துவிட்டு வரலாம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. ஆகவே கோடை வந்ததும் அந்த வெளிச்சத்தை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துவிடப் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பின்னறையை எட்டிப் பாருங்கள். ஜன்னலோரம் ஒரு மேசை. பழைய ஜாம் பாட்டில் நிறையத் தூரிகைகள். அதன் பக்கத்தில், கட்டைவிரலின் மேல்கணு உயரத்தில், இருபத்துநான்கு சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள். சிலருக்கு நீலக் கோட்டு வந்துவிட்டது. மார்பின் குறுக்கே போகும் வெள்ளை வார் இன்னும் வரவில்லை. சிலருக்குத் தொப்பி கறுத்துவிட்டது; முகம் மாவு பூசியதுபோல வெளிறிக் கிடக்கிறது. ஒருவருக்கும் கண் இல்லை. ஜனவரியில் தொடங்கிய வேலை. இப்போது தோளில் தூசி படிந்திருக்கிறது. இவர்களைக் காசு கொடுத்து வாங்கிய தளபதி கொல்லையில் தக்காளிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருக்கிறார்.

சரித்திரப் போர்களைச் சிறு பொம்மைகளால் மேசைமேல் மறுபடி நடத்திப் பார்க்கும் இந்தப் பொழுதுபோக்கு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வேரோடிப்போன ஒன்று. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் நரை கண்டவர்கள். மற்ற ஆட்டங்களில் எதிராளி ஒருவர்தான். இதில் இரண்டு பேர்: மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஒருவர், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வெயில் இன்னொருவர். முதலாமவரை வென்றவர்கள் உண்டு.

ஆறடி மேசை, ஒரு பிடி பகடை

ஆறடிக்கு நான்கடி மேசை ஒன்று. அதன்மேல் பச்சை விரிப்பு. பஞ்சுப் பலகையை அறுத்துச் செய்த குன்றுகள், அட்டையில் செய்த பண்ணைவீடு. விளைந்த கோதுமை வயல் வேண்டுமா? வாசலில் போடும் தேங்காய்நார் மிதியடியைச் சதுரமாக வெட்டி வைத்தால் அச்சு அசல் கதிர்க்காடு. நவராத்திரிக் கொலுவுக்குக் கீழே கடுகு தூவி, முளைக்கவைத்து, குட்டிப் பூங்கா அமைத்த கைகளுக்கு இந்தச் சுகம் விளக்காமலே புரியும்.

அந்த நிலத்தில் இரு தரப்பும் படைகளை நிறுத்துகின்றன. ஒரு பொம்மை ஒரு மனிதன் அல்ல. இருபது பேர், முப்பது பேர் என்று விதிநூல் சொல்லும் கணக்கு. காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலம், குதிரைப்படை அதைப்போல இரு மடங்கு என்று அளவு நாடாவால் அளந்து நகர்த்துவார்கள். சுடும்போது பகடை உருளும். தூரம், மறைவு, களைப்பு எல்லாவற்றுக்கும் கூட்டல் கழித்தல் உண்டு. நல்ல விதிநூலின் உயிர் இருப்பது மனவுறுதிச் சோதனையில். பாதிப் பேர் விழுந்த படைப்பிரிவு நிற்குமா, ஓடுமா? பகடை தீர்மானிக்கும். கடைசி ஆள் சாகும்வரை சண்டை என்பது சினிமாவில்தான். சரித்திரத்தில் படைகள் பெரும்பாலும் மனம் உடைந்துதான் தோற்றன. ஆட்டமும் அதையே காட்டப் பார்க்கிறது.

இதன் பூர்வீகம் ராணுவக் கொட்டடி. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு 1812-இல் தன் மன்னருக்காக ஒரு போர்மேசை செய்து கொடுத்தார். அவருடைய மகன், ராணுவ அதிகாரி, 1824-இல் அதை நிலப்படத்தின்மேல் சின்ன உலோகக் கட்டைகளை நகர்த்தும் பயிற்சியாகத் திருத்தி அச்சிட்டார். சிவப்பு ஒரு தரப்பு, நீலம் மறுதரப்பு, நடுவில் ஒரு நடுவர். படைத்தலைமை அதைப் பார்த்து வியந்து, படைப்பிரிவுகளுக்கெல்லாம் சிபாரிசு செய்தது. அப்போது அது பாடம். அதை விளையாட்டாக்க ஒரு நாவலாசிரியர் வரவேண்டியிருந்தது.

மண்டியிட்ட நாவலாசிரியர்

எச்.ஜி. வெல்ஸ் என்றால் காலயந்திரமும் செவ்வாய்க் கிரகத்துப் படையெடுப்பும் நினைவுக்கு வரும். அதே மனிதர் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். ஆடுகிறவர் வயது பன்னிரண்டிலிருந்து நூற்றைம்பது வரை இருக்கலாம் என்று அட்டைத் தலைப்பே குறும்பாகச் சொல்லும். வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் உள்ளே கூடாக வார்த்து விற்ற ஈயச் சிப்பாய்கள் அன்று நடுத்தர வீடுகளில் நிறைந்து கிடந்தார்கள். அதே நிறுவனத்தின் சுருள்வில் பொம்மை பீரங்கி ஒன்று சிறு மரக்குச்சியைப் பாய்ச்சிச் சிப்பாயைக் கவிழ்க்கும். வெல்ஸின் போரில் பகடைக்கு இடமில்லை. குறி தப்பாத கண்தான் ஆயுதம்.

வீட்டுத் தரையிலும் தோட்டத்துப் புல்வெளியிலும் அவர் இதை ஆடினார். பொம்மைச் செங்கற்களால் வீடுகள், செடிக்கிளைகளால் காடு. உலகம் அறிந்த எழுத்தாளர் முழங்காலிட்டு, கயிறு பிடித்துத் தூரம் அளந்தார். பெரிய போர் எவ்வளவு மூடத்தனம் என்று தெரியவேண்டுமானால் சின்னப் போரை ஆடிப்பாருங்கள் என்பது அந்த நூலின் கடைசிப் பக்கங்களில் அவர் வைக்கும் வாதம். நூல் வந்த மறுவருடம் ஐரோப்பா அவரைக் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் வருவோம்.

இந்தப் பொழுதுபோக்குக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன். சவுதாம்ப்டனில் இயன்முறை மருத்துவர். 1962-இல் அவர் எழுதிய ‘வார் கேம்ஸ்’ என்ற நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை தன் சாப்பாட்டு மேசையைப் போர்க்களமாக்கியது. 1959-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சின்ன பிளாஸ்டிக் சிப்பாய்களை மலிவாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தது. பையன்களின் கைச்செலவுக் காசில் ஒரு படை. இதே மரத்தின் அமெரிக்கக் கிளை ஒன்றில்தான் 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்பு ஆட்டம் பழுத்தது.

இருபத்தாறு வருடக் கணக்கு

பிரச்சினை எங்கே தொடங்குகிறது? ஆசையில். ஆட்டக்காரர்கள் தங்கள் வேலையைப் ‘புராஜெக்ட்’ என்பார்கள். அந்தச் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது: தொடங்கினால் முடியவேண்டும்.

வாட்டர்லூவையே எடுத்துக்கொள்வோம். 1815 ஜூன் 18. வெலிங்டன் பக்கம் சுமார் 68,000 பேர், நெப்போலியன் பக்கம் சுமார் 73,000, மாலையில் வந்து சேர்ந்த பிரஷ்யர்கள் சுமார் 50,000. மொத்தம் 1,91,000. ஒரு பொம்மைக்கு இருபது பேர் என்று வைத்தாலும் ஏறக்குறைய 9,500 பொம்மைகள் வேண்டும். இருபத்தெட்டு மில்லிமீட்டர் பொம்மை ஒன்றைச் சுத்தம் செய்து, அடிப்பூச்சு அடித்து, கோட்டு, பொத்தான், துப்பாக்கி, தோல்பை என்று தீட்டி முடிக்க ஒரு மணி நேரம் என்று வைப்போம். தினம் ஒரு மணி நேரம், ஞாயிறு தீபாவளி பாராமல் உட்கார்ந்தால் இருபத்தாறு வருடம். குதிரைகளை நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

தனி ஆளால் ஆகாதது ஊர் கூடினால் ஆகும். 2019 ஜூனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வாட்டர்லூவை மீண்டும் ஆடினார்கள். பலர் பல வருடம் தீட்டிய 22,000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் ஒரே கூடத்தில் குவிந்தன. முன்னாள் படைவீரர்களைக் கொண்டு அந்தப் போர்க்களத்தை அகழாய்வு செய்யும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட நடந்த ஆட்டம் அது.

தனி ஆளாக அகலக்கால் வைத்தவரும் ஒருவர் உண்டு. கேப்டன் வில்லியம் சைபோர்ன். 1830-இல் வாட்டர்லூவின் மாதிரி ஒன்றைச் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். அன்று மாலை ஏழு மணிக்கு நீ எங்கே நின்றாய், உன் எதிரே யார் இருந்தார் என்று போரில் பிழைத்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். அரசு பாதியில் பணத்தை நிறுத்தியது. கடன் வாங்கித் தொடர்ந்தார். 1838-இல் சுமார் 75,000 ஈயச் சிப்பாய்களோடு மாதிரி லண்டன் எஜிப்ஷன் ஹாலில் காட்சிக்கு வந்தது. கூட்டம் அலைமோதியது, காசு மட்டும் சைபோர்ன் கைக்குத் திரும்பவில்லை. பிரஷ்யர்களை இவ்வளவு முன்னால் நிறுத்தியது சரியா என்ற சர்ச்சை வேறு. முடிவில் அந்தப் பொம்மைகளில் ஒரு பகுதியை அவரே எடுக்கவேண்டியதாயிற்று. 1849-இல் கண்மூடினார். மாதிரி இன்று லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சொத்து, அவர் வாங்கிச் சேர்த்த பதில் கடிதங்கள். வாட்டர்லூவை எழுதப்போகும் எந்த வரலாற்றாசிரியரும் அவற்றைத் தொடாமல் எழுத முடியாது.

சைபோர்ன் எட்டு வருடத்தில் முடித்தார், முறிந்தார். இன்றைய ஆட்டக்காரர் முறிவதில்லை; குவிக்கிறார். வாங்கி வைத்துத் தீட்டாமல் கிடக்கும் பொம்மைக் குவியலை அவர்கள் ‘ஈயமலை’ என்றே அழைப்பார்கள். பழைய பொம்மைகளில் ஈயம் கலந்திருந்ததால் வந்த பெயர். இப்போது உலோகக் கலவை மாறிவிட்டது, பலவும் பிளாஸ்டிக், பெயர் மாறவில்லை. ஏப்ரலில் லண்டனில் நடக்கும் ‘சல்யூட்’ கண்காட்சி மலையை உயர்த்தும் திருவிழா. ரோமானியருக்கு என்று போனவர் ரஷ்யர்களோடு திரும்புவார். பெட்டியைக் காரின் பின்பக்கத்திலேயே இரண்டு நாள் விட்டுவிட்டு, வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உள்ளே கடத்துகிற கலை தனி. புடவைக்கடைப் பையைப் பீரோவுக்குப் பின்னால் வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல.

ஏப்ரலில் மலை உயர்கிறது. மே மாதம் வெயில் வருகிறது. எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது.

தலைகீழான பருவம்

இதில் ஒரு வேடிக்கை. இவர்கள் ஆடும் போர்களின் தேதிகளைப் பாருங்கள். பானக்பர்ன் ஜூன் 1314. கிரெஸி ஆகஸ்ட் 1346. நேஸ்பி ஜூன் 1645. பிளென்ஹெய்ம் ஆகஸ்ட் 1704. வாட்டர்லூ ஜூன். கெட்டிஸ்பர்க் ஜூலை 1863. நார்மண்டி ஜூன் 1944. எல்லாம் கோடை.

குதிரைகளை நம்பிய காலத்தில் இதற்குக் காரணம் வீரம் அல்ல, புல். ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கும் வண்டிமாடுகளுக்கும் தீனியைச் சுமந்துகொண்டு எந்தப் படையும் வெகுதூரம் போகமுடியாது. வழியில் புல் தழைத்திருக்கவேண்டும், பாதை காய்ந்திருக்கவேண்டும், பீரங்கிச் சக்கரம் புதையக்கூடாது. வாட்டர்லூவுக்கு முந்தின இரவு கொட்டிய மழையில் மண் சேறானதால்தான் நெப்போலியன் ஏறக்குறைய நண்பகல்வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தத் தாமதம் பிரஷ்யர்களுக்கு வந்து சேர நேரம் கொடுத்தது. இலையுதிர் காலம் வந்ததும் படைகள் குளிர்காலத் தங்குமிடங்களுக்குள் ஒடுங்கிவிடும். அடுத்த புல் முளைக்கும்வரை அமைதி.

பருவத்தைக் கணக்குவைத்துப் போருக்குப் போனதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வினைமேற் சென்ற தலைவன் கார்காலம் தொடங்கும்முன் திரும்புவேன் என்று சொல்லிப் போவதும், முல்லை பூத்தும் தேர் வராததைக் கண்டு தலைவி ஏங்குவதும் ஒரு திணைக்கே உரிப்பொருள். சொன்ன பருவம் தாண்டியும் பாசறையிலேயே தங்கிவிட்ட வேந்தனைத்தான் நெடுநல்வாடை காட்டுகிறது. குளிர் நடுநிசியில் அவன் புண்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகிறான், அரண்மனையில் அரசி உறங்காமல் கிடக்கிறாள்.

ஐரோப்பாவின் நிஜப் படைகள் கோடையில் புறப்பட்டன, குளிரில் ஓய்ந்தன. பொம்மைப் படைகள் குளிரில் புறப்பட்டு, கோடையில் ஓய்கின்றன. நிஜப் போர் அறுவடையையும் திருவிழாவையும் மனிதர்களிடமிருந்து பறித்தது. பொம்மைப் போரை அறுவடையும் திருவிழாவும் பறிக்கின்றன. இந்தத் தலைகீழ்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

வெயிலும் வண்ணமும்

கோடை நேரத்தை மட்டும் திருடுவதில்லை, வேலையையும் கெடுக்கும். பொம்மைக்கு முதலில் ஸ்ப்ரே டப்பாவால் அடிப்பூச்சு அடிக்கவேண்டும். கடும் வெயிலில் அடித்தால் வண்ணத்துளி காற்றிலேயே காய்ந்து, பொம்மைமேல் மணல்போலச் சொரசொரவென்று படியும். புழுக்கத்தில் அடித்தால் வெண்மை பூத்துவிடும். ஆக, காலை எட்டு மணிக்குமுன் கொல்லைச் சுவரோரம் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடித்துவிடுவார்கள். உள்ளே அக்ரிலிக் வண்ணம் தூரிகை நுனியிலேயே இறுகும். அதற்கு ஈரத்தட்டு என்று ஒரு கைவேலை: தட்டில் நனைத்த பஞ்சு, அதன்மேல் சமையலறை வெண்ணெய்த்தாள், அதன்மேல் வண்ணம். கீழிருந்து ஈரம் கசிய, வண்ணம் நாள் முழுக்கக் காயாது.

பதிலுக்குக் கோடை கொடுப்பதும் உண்டு. கண்ணுக்கு இயற்கை வெளிச்சத்தைப்போல் வேறு விளக்கில்லை. நாயை நடத்திப்போகும்போது பொறுக்கிய பூர்ச்ச மரத்தின் காய்ந்த பூங்கொத்தை விரலால் நசுக்கினால் குட்டிக் குட்டிச் செதிலாக உதிரும். பொம்மைகளின் காலடியில் தூவினால் அசல் சருகு. பிடுங்கிய களையின் வேரைக் கழுவிக் காயவைத்தால் பட்டமரம். கடற்கரைக்குக் குடும்பத்தோடு போனால் காற்சட்டைப் பையில் ஒரு பிடி மணல் திரும்பிவரும்.

கிரிக்கெட்டும் முழு எதிரி அல்ல. ஐந்து நாள் டெஸ்ட் பந்தயத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கட்டாயமா? பிபிசி வானொலியின் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’ 1957 முதல் பந்துக்குப் பந்து பேசிக்கொண்டிருக்கிறது. காது மைதானத்தில், கை மேசையில். மழையால் ஆட்டம் நின்ற மதியங்களில் ஒரு குதிரைப்படையே எழுந்துவிடும்.

விடுமுறைப் பயணம் இன்னொரு சமரசம். பெல்ஜியத்துக்குப் போகலாம், சாக்லேட் நன்றாக இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். போனபின் வாட்டர்லூவில் சிங்கமேட்டின் 226 படிகளிலும் குடும்பம் ஏறவேண்டியிருக்கும். நார்மண்டியில் பிள்ளைகள் மணல்வீடு கட்டும்போது அப்பா மட்டும் முதுகைக் கடலுக்குத் திருப்பி, குன்றின் சரிவை அளந்துகொண்டிருப்பார். புத்தகத்தில் ஒரு கோடாகக் கிடந்த மேடு, கால் வலிக்கும்போதுதான் மேடு என்று தெரிகிறது. நல்ல மேசை அமைப்பவர்களில் பலர் அந்த மண்ணில் நடந்தவர்கள்.

பழைய சீருடை மாட்டி, நிஜக் களத்தில் போரை நடித்துக்காட்டும் மீள்நடிப்பும் கோடைக்குரியதே. அதற்கும் பொம்மைக்கும் நெருங்கிய சொந்தம். நாட்டிங்ஹாமின் இரட்டையர் ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி இன்று உலகெங்கும் ஆடப்படும் சரித்திரப் பொம்மைகளைச் செதுக்கும் பெயர்பெற்ற சிற்பிகள். 1996-இல் பிரான்சில் நடந்த ஒரு மீள்நடிப்பில் பீரங்கி விபத்து. மைக்கேல் வலக்கையை இழந்தார். செதுக்கும் கை அது. இடக்கையால் செதுக்கக் கற்றுக்கொண்டு தொழிலுக்குத் திரும்பினார். மேசைமேல் நிற்கும் ஒரு குட்டிச் சிப்பாயின் பொத்தானைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

சேற்றில் ஒரு கால்

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சில உபாயங்கள் கண்டிருக்கிறார்கள்.

முதலாவது, படையைச் சுருக்குவது. பில் பார்க்கரும் கூட்டாளிகளும் 1990-இல் வெளியிட்ட ‘டிபிஏ’ விதிகளில் ஒரு படைக்குப் பன்னிரண்டே பீடங்கள். இரண்டடிச் சதுரத்தில், ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடியும். மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு சாம்ராஜ்யம் விழுந்துவிடும்.

இரண்டாவது, ஆளைச் சுருக்குவது. ஆறு மில்லிமீட்டர் பொம்மை ஒரு பச்சரிசி மணி நீளம். அதற்கு முகம் தீட்டவேண்டியதில்லை. தோல்நிறத்தில் ஒரு பொட்டு போதும். ஒரு வாரக்கடைசியில் ஒரு பட்டாளம் எழும். அடியோடு வேறுபக்கம் போகிறவர்கள், இருபத்தெட்டு மில்லிமீட்டரிலேயே பக்கத்துக்குப் பத்துப் பேர் மட்டும் மோதும் சிறு கைகலப்பு ஆட்டங்களுக்குத் தாவுகிறார்கள்.

மூன்றாவது, மூன்றடி விதி. பொம்மையை யாரும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கப்போவதில்லை. மேசைமுன் நிற்பவரின் கண்ணுக்கும் பொம்மைக்கும் மூன்றடி தூரம். அந்தத் தூரத்தில் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது.

நான்காவதுதான் பலிக்கும் உபாயம்: தேதி குறிப்பது. முடித்தபின் ஆடலாம் என்பவர் முடிப்பதில்லை. செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை நண்பர் வருகிறார், அவருடைய ஆஸ்திரியர்கள் தயார் என்றால் ஆகஸ்டின் கடைசி வாரத்தில் கை தானாக ஓடும். கல்யாணத் தேதி வைத்தால்தான் வீட்டுக்கு வெள்ளையடிப்போம் என்பது நமக்குத் தெரியாததா?

அமெரிக்காவில் வெயில் நம்முடையதைப்போல அடிக்கும். அங்கே எதிர்வழி கண்டார்கள். சரித்திரப் பொம்மைப் போர்க்காரர்களின் பெருங்கூட்டமான ‘ஹிஸ்டாரிகான்’ 1984-இல் தொடங்கியது. ஜூலையில் பென்சில்வேனியாவில் கூடுகிறது. வெளியே கொளுத்தட்டும். உள்ளே ஏசி போட்ட கூடத்தில் ஸ்டாலின்கிராடின் பனி.

மேசைக்கு வந்த வந்தவாசி

இந்த ஆட்டத்தில் நமக்கென்ன பங்கு? நாம் அறியாமலே உண்டு. பண்டைக்காலப் படைகளுக்கான ஆங்கில விதிநூல்களில் ரோமானியர், பாரசீகர் வரிசையில் தமிழ்ப் படைக்கும் தனிப்பட்டியல் இருக்கிறது: எத்தனை யானை, எத்தனை வில்லாளி, எவ்வளவு குதிரை. மூவேந்தர் பெயரை உச்சரிக்கத் தெரியாத ஒரு ஆங்கிலேயர் தன் சமையலறையில் நம் யானைகளைச் சாம்பல்நிறம் தீட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பித்துப்பிடித்தவர்களுக்குக் கர்நாடகப் போர்கள் இனிப்புப் பண்டம். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. ஒரே களத்தில் ஐரோப்பியர்களும் சிப்பாய்களும் என்று வண்ணம் தீட்டுகிறவருக்குக் கொண்டாட்டம். இந்த மோதலும் அடங்கிய ஏழாண்டுப் போரின் ஜெர்மன் களங்களுக்காகத் தீட்டிய பொம்மைகளில் ஒரு பகுதியை அப்படியே திண்டிவனத்துக்கு வடக்கே இறக்கிவிடலாம் என்பது இன்னொரு வசதி. 1803-இல் மராட்டியரோடு அசாயேயில் மோதிய வெல்லெஸ்லியின் காலாட்படையில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள். பின்னாளில் வெலிங்டன் என்ற பட்டத்தோடு வாட்டர்லூவை வென்ற அதே வெல்லெஸ்லி, அசாயேயைத்தான் பெரிதாக மதித்தார் என்பார்கள். அந்தச் சிவப்புக் கோட்டுகளுக்குள் இருந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று விதிநூல் சொல்லாது. நாம்தான் கேட்கவேண்டும்.

சண்டை தெரிந்தவர்கள்

போரை விளையாட்டாக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. வெறும் நாற்காலி வீரர்கள் என்று இவர்களைக் கேலிசெய்வது சுலபம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் மூத்த தலைமுறை போரைக் கண்டது. ஃபெதர்ஸ்டோன் இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். ஜே.பி. லாஃபோர்டோடு சேர்ந்து 1967-இல் ‘சார்ஜ்!’ என்ற விதிநூலை எழுதிய பிரிகேடியர் பீட்டர் யங், தியப்பிலும் நார்மண்டியிலும் இறங்கிய கமாண்டோ. அவர்கள் மேசைக்கு வந்தது போரைப் புகழ அல்ல. யாரும் சாகாத ஓரிடத்தில் அந்தக் குழப்பத்தை நிதானமாகத் திருப்பிப் பார்க்க வந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது வெல்ஸிடம் திரும்பலாம். 1913-இல் நூல் வந்தது. 1914 ஆகஸ்ட் முதல் வாரம் இங்கிலாந்தில் கோடை விடுமுறை. கடற்கரைகள் நிரம்பியிருந்தன, கவுண்டி கிரிக்கெட் உச்சத்தில் இருந்தது. ஆகஸ்ட் 4 அன்று போர் அறிவிக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்குள் திரும்பிவிடலாம் என்று பலர் நம்பிப் போனார்கள். மாத இறுதியில், கிரிக்கெட்டின் பிதாமகரான டபிள்யூ.ஜி. கிரேஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: நாட்டின் இளைஞர்கள் களத்தில் நிற்கும்போது இங்கே மட்டையும் பந்துமாக இருப்பது முறையல்ல என்று. பருவம் முடியும்முன்பே ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அந்தக் கோடையில் ஸ்டம்பைப் பிடுங்கிவைத்துவிட்டுப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வந்து நடவில்லை.

பெரிய போர் வந்தால் கிரிக்கெட் நிற்கும். சின்னப் போரில் கிரிக்கெட் வந்தால் போர் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய வித்தியாசமும் இல்லை. இப்படிப் பார்த்தால் தூசி படிந்த அந்த மேசை ஒரு சோம்பேறியின் குற்றப்பத்திரிகை அல்ல. புராஜெக்ட் தள்ளிப்போகிறதே என்று புழுங்குபவர், தள்ளிப்போடக்கூடிய போர் என்ற ஒன்று தமக்கு வாய்த்ததே என்று கொஞ்சம் சந்தோஷமும் படலாம்.

செப்டம்பர் மத்தியில் லண்டனில் மாலை ஏழேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். தக்காளிச் செடியைப் பிடுங்கி உரக்குழியில் போட்டாயிற்று. புல் வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொட்டகையில் நிறுத்தியாயிற்று. பின்னறையில் விளக்கு எரிகிறது. தளபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் சிப்பாயை எடுத்துத் தோளில் ஊதுகிறார்.

நம்மூர்ச் சிற்பி எல்லா வேலையையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் கண் திறப்பார். இவரும் அந்தக் கட்சி. ஆனால் இன்றைக்குக் கண் இல்லை. முதலில் மார்பு வார்களுக்கு வெள்ளை. இருபத்துநான்கு பேரும் ஜனவரியில் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நிற்கிறார்கள். கோடை முழுக்க யாரும் பசியால் விழவில்லை, யாரும் காய்ச்சலில் சாகவில்லை, யாருடைய வீட்டு வாசலிலும் தந்திக்காரன் நிற்கவில்லை. தூரிகையைத் தண்ணீரில் நனைக்கிறார்.